அடுத்த வரிக்கு இடம்

“பழசை எதுக்கு டீச்சர் அழிக்கணும்?” என்று கேட்டார் சிலுவைமுத்து.

அதுதான் அவருடைய முதல் கேள்வி. செருப்பைக் கழற்றிவிட்டு சர்வர் அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்து, வேர்வைகூட அடங்காத நேரத்தில் கேட்டது.

டீச்சரின் பெயர் பேச்சியம்மாள். பேச்சுக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துவராது. சிலுவையைவிட நிறைய இளையவர். அந்தக் கரையில் இருக்கும் மீனவர் சங்கங்களின் சர்வர்களையெல்லாம் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஸ்கூட்டரில் வருவார், பார்ப்பார், போவார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. சிலுவைதான் அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது.

டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறக்காதீர் என்று அதில் காகிதம் ஒட்டியவரும் அவர்தான்.

கீழே துறைமுகம். ஒரு விசைப்படகு மீனை இறக்கிவிட்டு, படகு கட்டும் ஜெட்டியை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

“அந்தப் போட்டு ஏன் நகருது அண்ணாச்சி?”

“மீனை இறக்கியாச்சுல்லா. பின்னால வரிசையா நிக்காங்க. இடம் விடணும்.”

டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சிலுவை கொஞ்ச நேரம் சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார்.

“சரி டீச்சர். சொல்லித் தாங்க.”

*

சிலுவைக்குக் கம்ப்யூட்டர்தான் புதிது, காத்திருப்பது புதிதல்ல. அதற்கு முன்பு சங்கத்தின் வயர்லெஸ் அறையில் இருந்தார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கடல் இரைச்சலுக்குள் மனிதக் குரல் ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை.

பிறகு ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று அந்தப் பெட்டி வானத்து வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் இருக்கிற சர்வர் அதைக் கேட்டு, படகின் பெயர், நேரம், இருக்கும் இடம் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதும். அந்தப் பதிவுக் கோப்பைப் படித்துத்தான் சுவரில் மாட்டிய பெரிய திரையில் படகுகள் புள்ளிகளாக நகரும்.

எழுத எழுதக் கோப்பு வீங்கும். வீங்கினால் டிஸ்க் நிரம்பும். நிரம்பினால் அடுத்த வரியை எழுத இடம் இருக்காது.

அதனால் வாரம் ஒருமுறை கோப்பை மூடிச் சுருக்கி, பெயரோடு ஓர் எண்ணை ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுக் கோப்பில் எழுத ஆரம்பிக்க வேண்டும். ஓரத்தில் சேர்ந்தவற்றில் மிகப் பழையது தானாகக் கழிந்துவிடும். இதையெல்லாம் சில வரிகளில் எழுதி சர்வரிடம் கொடுத்துவிட்டால் போதும். மனிதர் யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதில்லை.

சிலுவை அந்த வரிகளை எழுதினார். சரியாகவே எழுதினார்.

டீச்சர் ‘ம்’ என்றார். அவரிடம் ஒரு ‘ம்’ வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சிலுவை அன்று வீட்டுக்குப் போய் மனைவி தெரஸிடம் அதைச் சொன்னார். மகனிடமும் சொன்னார்.

“ம்-முன்னு சொன்னாங்களா? அவ்வளவுதானா?” என்று மகன் சிரித்தான்.

“உனக்கு என்னல தெரியும்” என்றார் சிலுவை.

*

பிறகு ஒரு நாள், மிக்கேல் சம்மனசு என்ற படகு கரைக்கு வரவில்லை.

சிலுவையின் மகன் அதில் இருந்தான். ஒரே பிள்ளை.

தேடினார்கள். விமானம் போனது. கப்பல் போனது. ஊர்ப் படகுகள் தொழிலை நிறுத்திவிட்டுப் போயின. ஒரு டீசல் கேன் மிதந்து வந்தது. அது மிக்கேல் சம்மனசுடையதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் சிலுவையின் முகத்தைப் பார்க்காமல் படகைக் கழுவினார்கள்.

அந்தப் படகில் போன மற்றவர்களின் வீட்டார், செத்தவர்களின் ஆத்துமத்துக்கென்று மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். சிலுவை வீட்டில் வைக்கவில்லை.

“உடம்பே வரல. பூசை யாருக்கு?” என்றார் சிலுவை.

பூசைக்குக் கொடுத்துவிட்டால் அவன் செத்துப்போனவன் ஆகிவிடுவான். விஷயம் அதுதான். அது தெரஸுக்கும் தெரியும்.

சிலுவை வேலைக்குத் திரும்பினார். வந்ததும் இரண்டு காரியம் செய்தார்.

வாரா வாரம் கோப்பை மாற்றச் சொல்லித் தன் கையாலேயே எழுதிய வரிகளைத் தூக்கிவிட்டார். அது ஒன்று.

இன்னொன்று, தன் மேசையில் இருந்த சின்ன மானிட்டரில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்தார். பதிவுக் கோப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிரு, மிக்கேல் சம்மனசு என்று வரி வந்தால் மட்டும் இதில் காட்டு என்று சர்வருக்குச் சொல்லி வைத்தார்.

அந்தப் படகு கடைசியாகச் சொன்ன சில வரிகள் அதில் நின்றன. அவற்றுக்குக் கீழே வெறும் கறுப்பு.

சங்கத்தில் யாரும் அந்த மானிட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. அறையைத் துடைக்க வருகிற அம்மா எல்லா மேசையையும் துடைப்பார், அதை மட்டும் தொடமாட்டார்.

*

டீச்சர் வந்தபோது, கோப்பை மாற்றச் சொல்லும் வரிகள் காணாமல் போனதைக் கண்டுகொண்டார். மானிட்டரையும் பார்த்தார்.

“அந்தப் போட்டு வரியை மட்டும் தனியா எடுத்து வச்சுத் தாரேன் அண்ணாச்சி. சின்ன ஃபைல். எங்கயும் போகாது.”

“பழைய வரி எதுக்கு டீச்சர்? அது எனக்கு மனப்பாடம்.”

“அப்புறம்?”

“அடுத்த வரி வரணும்லா.”

சிலுவை மானிட்டரைக் காட்டினார்.

“இந்த ஃபைல்லதான கடைசியா பேசினான். இதுலயே, அதுக்கு அடுத்தாப்புலயே வரட்டும். மூடி ஓரமா வச்சிட்டோம்னா, வாரவன் எங்க வந்து எழுதுவான்?”

கம்ப்யூட்டர் கணக்குப்படி இதில் ஒரு நியாயமும் கிடையாது. வரி வந்தால் எந்தக் கோப்பிலும் வரும். இது சிலுவைக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரியும் என்பது டீச்சருக்கும் தெரியும்.

அப்போதே, கோப்பை மாற்றச் சொல்லும் வரிகளைத் திரும்ப எழுதி வைத்திருக்க வேண்டும். டீச்சரின் வேலையே அதுதான். அவரோ அடுத்த முறை வரும்போது புதிதாக ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து சர்வரில் மாட்டிவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

விவரம் தெரிந்தவர்களும் சில நேரம் இப்படித்தான். மனசு கேட்கவில்லை என்றால் டிஸ்க் வாங்குவார்கள்.

*

ஒரு தடவை வரி வந்தது.

சிலுவை பெரிய திரையில் யாருக்கோ எதையோ காட்டிக்கொண்டிருந்தார். திரும்பினால், கறுப்புத் திரையில் புதிதாக ஒன்று. மிக்கேல் சம்மனசு. நேரம், இன்றைய நேரம்.

துள்ளி எழுந்தார். நாற்காலி விழுந்ததுகூடத் தெரியவில்லை. போனை எடுத்தார்.

“தெரஸ், வந்துட்டான்.”

போனை வைத்துவிட்டு ஜெட்டிக்கு ஓடினார். ஜெட்டியில் நின்றவர்களிடம் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் ஆரோக்கியம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

“சிலுவை, அது வேற போட்டு. வடக்க ஒரு ஊர்ல புதுசா எறக்கியிருக்காங்க. அதுக்கும் மிக்கேல் சம்மனசு பேருதான் வச்சிருக்காங்க. இன்னைக்குத்தான் பெட்டி மாட்டியிருக்கு.”

சிலுவை தலையை ஆட்டினார். திரும்பி அறைக்கு நடந்தார். நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். தெரஸுக்குப் போன் பண்ண வேண்டும் என்று தோன்றியது. விரல் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தெரஸ் மீன் குழம்பு வைத்து, சோறு வடித்து, மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

“பூசைக்குக் கொடுத்துருவோம்” என்றாள்.

“இன்னொருக்கா அந்தப் பேச்சை எடுக்காத.”

அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எந்தப் பேச்சுமே பெரிதாக எடுபடவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஒருவர் காத்திருந்தார், ஒருவர் அழக் காத்திருந்தார்.

*

கடலில் காற்றழுத்தம் குறைகிறது, படகுகள் உடனே கரை திரும்ப வேண்டும் என்று எச்சரிக்கை வந்தது.

சங்கத்துப் படகுகளில் பாதிக்கு மேல் தங்கலுக்குப் போயிருந்தன. போனால் பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவை. எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டி வழியாகத் தகவல் அனுப்பியாயிற்று. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது, பேசிக் கேட்க வழியில்லை. யார் கிளம்பினார்கள், யார் இன்னும் வலையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்குத் தகவலே போய்ச் சேரவில்லை என்பதைச் சுவரில் இருக்கிற திரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சேராதவர்கள் யார் என்று தெரிந்தால் பக்கத்துப் படகைத் திருப்பிவிட்டுக் கூட்டிவரச் சொல்லலாம்.

திரையில் புள்ளிகள் அப்படியே நின்றன.

முதலில் சிலுவைக்கு உறைக்கவில்லை. வலையை ஏற்றிவிட்டுக் கிளம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ரெஜினா வந்தாள். சகாய மாதா என்ற படகில் போயிருக்கிற ஒருவனின் மனைவி. கருவாட்டுக் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“மாமா, எங்க வீட்டுக்காரர் போட்டு எங்க நிக்குது?”

சிலுவை திரையைக் காட்டினார். “அங்க நிக்குதும்மா.”

“காலையில வந்தப்பவும் அங்கதான் நின்னுது. திரும்பச் சொல்லியாச்சுன்னாங்க. அப்பம் நகரணும்லா?”

சிலுவை பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தார். அதில் கடைசி வரி விடியும்போது எழுதியது. அதற்குப் பிறகு சர்வர் ஒன்றும் எழுதவில்லை. எழுத இடமில்லை. டீச்சர் கொண்டுவந்து மாட்டிய டிஸ்க்கும் சேர்ந்து நிரம்பிப் போயிருந்தது.

“இப்பம் எங்க நிக்குது மாமா?”

“தெரியலம்மா.”

சொன்ன பிறகுதான் சிலுவைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. மகனைத் தேடிய நாட்களில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவர் அவரிடம் இதே சொல்லைத்தான் சொன்னார். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். அந்த ஆளை சிலுவை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்று மேசைக்குப் பின்னால் இருப்பது அவர். முன்னால் நிற்பது ரெஜினா.

ரெஜினா அழவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“தெரியுற வரைக்கும் இங்கயே இருக்கேன்” என்றாள்.

*

டிஸ்க் நிரம்பியதும் டீச்சரின் போனுக்குத் தகவல் போயிருந்தது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். சர்வரைப் பார்த்தார். தரையில் இருந்த ரெஜினாவைப் பார்த்தார். உட்காராமல் கீபோர்டை எடுத்துச் சிலுவையின் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே அழிச்சிருங்களேன் டீச்சர்.”

“நான் அழிச்சா, நான் அழிச்சதா இருக்கும்.”

சிலுவை கீபோர்டைப் பார்த்தார்.

“அவன் வரி இருக்கே உள்ள.”

“அதை அன்னைக்கே தனியா எடுத்து வச்சிட்டேன். பத்திரமா இருக்கு.”

“நான் வேண்டாம்னு சொன்னேன்லா?”

“சொன்னீங்க.”

சிலுவை அழிக்கும் கட்டளையை எழுதினார். கோப்பின் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, கல்லில் கொத்துவதுபோல. பிறகு எழுதியதைத் திரும்ப வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும் என்று தெரிந்ததும் பொத்தானை அழுத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய கோப்பு, இருந்த இடம் தெரியாமல் பட்டியலிலிருந்து போய்விட்டது.

“எழுதுற ப்ரோகிராமை ஒருதடவை நிறுத்தி ஓட விடுங்க” என்றார் டீச்சர்.

நிறுத்தினார். ஓட விட்டார். இடம் எவ்வளவு இருக்கிறது என்று சர்வரைக் கேட்டார்.

இடம் இல்லை என்றது சர்வர்.

சிலுவை இன்னொரு முறை கேட்டார். அதே பதில். சுவரில் புள்ளிகள் அசையவில்லை.

“அழிச்சிட்டேனே டீச்சர்.” கீபோர்டை விட்டுக் கையை எடுத்தார். “மனசைக் கல்லாக்கிக்கிட்டு அழிச்சிட்டேன். பொறவும் இடம் வரலன்னா நான் என்ன பண்ண?”

“அழிச்சா பேருதான் போகும் அண்ணாச்சி. யாராவது அதைத் திறந்து வச்சிருந்தா, அவங்க விடுற வரைக்கும் உள்ள உள்ளது உள்ளபடியே கிடக்கும். இடமும் திரும்பாது.”

“எழுதுறவனைத்தான் நிறுத்தி எடுத்தாச்சே?”

“அவன் விட்டுட்டான். வேற யாரோ பிடிச்சிருக்காங்க.”

“யாரு?”

“சர்வர்கிட்ட கேளுங்க. சொல்லும்.”

அழித்த பிறகும் யாராவது பிடித்துவைத்திருக்கிற கோப்பு ஏதாவது உண்டா, பிடித்திருப்பது யார் என்று கேட்கிற கட்டளை ஒன்று இருக்கிறது. டீச்சர் சொல்லச் சொல்ல சிலுவை எழுதினார்.

ஒரே ஒரு வரி வந்தது. முதலில் பிடித்திருக்கும் ப்ரோகிராமின் பெயர், கடைசியில் அழிந்த கோப்பின் பெயர். நடுவில், அதை ஓட விட்ட ஆளின் பெயர்.

சிலுவை.

*

ரொம்ப நேரம் அவர் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பிச் சின்ன மானிட்டரைப் பார்த்தார். கோப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிரு என்று அவர் சொல்லி வைத்த ப்ரோகிராம், கோப்பே போன பிறகும், சொன்ன சொல் தப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீங்க பாக்கத்தான அழிச்சேன் டீச்சர்?”

“பாத்தேன்.”

“அழிச்ச பொறவும் நானேதான் பிடிச்சிருக்கேனா?”

டீச்சர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“நான் இங்க இருந்தே நிறுத்த முடியும் அண்ணாச்சி. நிறுத்தட்டுமா?”

சிலுவை வேண்டாம் என்று தலையசைத்தார். நாற்காலியைச் சின்ன மானிட்டரின் பக்கம் இழுத்துப் போட்டார். அதில் மகனின் படகு கடைசியாகச் சொன்ன வரிகள் இருந்தன, வேறு ஊர்ப் படகின் பெயரில் வந்த வரிகள் இருந்தன, அதற்குக் கீழே ஒன்றும் இல்லாத கறுப்பு இருந்தது.

“நிறுத்துத நேரம் பாத்து வந்துட்டான்னா?”

“வந்தா பெரிய திரையில தெரியும். எல்லாப் போட்டும் மாதிரி.”

“வருவானா டீச்சர்?”

டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எதற்கும் ஒரு செய்கையால் பதில் சொல்லிப் பழகியவரிடம் இதற்குச் செய்கை எதுவும் இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

“மாமா, என்ன ஆச்சு?” என்றாள் ரெஜினா, தரையிலிருந்து. “எனக்கு ஒண்ணும் விளங்கல. என்ன ஆச்சு மாமா?”

“ஒண்ணுமில்லம்மா. இந்தா பாக்கேன்.”

அவர் இடதுகை விரலைக் கண்ட்ரோல் பொத்தானில் வைத்தார். வலதுகை விரலை சி எழுத்தில் வைத்தார். ஓடுகிற ப்ரோகிராமை நிறுத்துகிற அந்த இரண்டையும் சேர்த்து அழுத்தினார்.

கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

சர்வர் பெருமூச்செல்லாம் விடாது, அது இரும்பு. ஆனால் இடம் திரும்பி வந்தது. வந்த கணமே எழுதுகிற ப்ரோகிராம் எழுத ஆரம்பித்தது. நான் இங்கே இருக்கிறேன் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிக் கேட்பாரில்லாமல் கிடந்த படகுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. சுவரில் புள்ளிகள் துள்ளி இடம் மாறின. பெரும்பாலானவை கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இரண்டு மட்டும் தெற்கே இருந்த இடத்திலேயே நின்றன. வாசலில் நின்ற செயலாளர் ஆரோக்கியம் அவற்றின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அருகில் இருக்கிற படகுக்குச் சொல்ல ஓடினார்.

ரெஜினா எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

“எது… எது மாமா?”

சிலுவை எழுந்து போய் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

“இந்தா. சகாய மாதா. ஓடி வருது பாரு. காத்துக்கு முன்னால கரைக்கு வந்துருவாரு.”

ரெஜினா அப்போதுதான் அழுதாள். கூடையைக்கூட மறந்துவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அவர் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள்.

*

டீச்சர் மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“எழுதுங்க அண்ணாச்சி.”

சிலுவை எழுதினார். எந்தக் கோப்பு என்று எழுதினார். வாரம் ஒருமுறை என்று எழுதினார். எத்தனை பழையதை வைத்துக்கொள்வது, எதைச் சுருக்குவது என்று எழுதினார். மறக்கவில்லை. தூக்கி எறிந்த வரிகள் ஒவ்வொன்றும் விரலிலேயே இருந்தன.

கடைசியில் ஒரு கட்டளை வரும். கோப்பை மாற்றிய கையோடு எழுதுகிற ப்ரோகிராமைக் கூப்பிடுகிற கட்டளை. அங்கே வந்ததும் நிறுத்தினார்.

“இது எதுக்கு டீச்சர்? அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு எழுதினேன். கேக்கல.”

“ஃபைலை மாத்தியாச்சுன்னு அவன்கிட்ட சொல்ல.”

“மாத்தினா அவனுக்கே தெரியாதா?”

“தெரியாது. பழசையே பிடிச்சு எழுதிக்கிட்டு இருப்பான். எவ்வளவு நாளானாலும்.”

“பொறவு?”

“ஒருத்தர் சொல்லணும் அண்ணாச்சி. சொன்னா விட்டுருவான்.”

சிலுவை அந்தக் கட்டளையை எழுதிச் சேமித்தார்.

டீச்சர் ‘ம்’ சொல்லவில்லை. சிலுவையும் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் திரையில் படகுகள் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

பிறகு சிலுவை போனை எடுத்தார்.

“தெரஸ்.”

“போட்டெல்லாம் திரும்பிருச்சாமே. கரையில பேசிக்கிட்டாங்க.”

“திரும்பிருச்சு. வந்துக்கிட்டு இருக்கு.”

“சாப்பிட்டீங்களா?”

“தெரஸ், கோயிலுக்குப் போயி பூசைக்குச் சொல்லிரு.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. மறுபடி காதில் வைத்தார். தெரஸ் மூச்சு விடுவது கேட்டது.

“யாருக்குன்னு கேப்பாங்க” என்றாள்.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா அவன் பேரை உங்க வாயால கேட்டு எவ்வளவு காலமாச்சு. நீங்க சொல்லுங்க. சொன்னாத்தான் போவேன்.”

சிலுவை கண்ணை மூடிக்கொண்டார்.

“ஜோஸ்வின்” என்றார்.